கட்டுரையைச் சுருக்காதீர்கள், கேள்வியின் நிலையைச் சொல்லுங்கள்: பரிணாம உயிரியல் ஆய்வுகளைத் தேடிப் படித்து எழுதும் முறை

பரிணாம உயிரியலில் புதிதாக என்ன வந்திருக்கிறது என்று எழுதித் தரச் சொன்னால், பலர் ஐந்தாறு ஆய்வுக்கட்டுரைகளை எடுத்து, ஒவ்வொன்றின் முகப்புச் சுருக்கத்தையும் ஒரு பத்தியாக்கி, ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிவிடுகிறார்கள். படிப்பவருக்கு ஐந்தாறு செய்திகள் கிடைக்கும். அவை ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா, ஒன்று இன்னொன்றைக் கவிழ்க்கிறதா, இன்றைய தேதியில் எதை நம்பலாம் என்பதெல்லாம் கிடைக்காது. ஒரு வாசிப்புக் குழுவுக்காகப் பல ஆண்டுகளாக இத்தகைய தொகுப்புகளை எழுதி வருகிறேன். அதைப் படிப்பவர்களில் பள்ளி ஆசிரியர்களும் உண்டு. நான் எழுதும் ஒரு வரி அடுத்த வாரமே யாரோ ஒரு மாணவரின் நோட்டில் இருக்கும் என்ற நினைப்போடுதான் எழுதுகிறேன். அதனால் என் முறையின் தொடக்கப்புள்ளி கட்டுரை இல்லை, கேள்வி. ஒரு கேள்வியை எடுத்து, அதன் இன்றைய நிலை என்ன என்று சொல்வதுதான் வேலை. இதைச் செய்யும் விதத்தை ஓர் எடுத்துக்காட்டை வைத்தே விளக்குகிறேன்.

கேள்வியைக் குறுக்குதல்

'இயற்கைத் தேர்வு பற்றிய சமீபத்திய ஆய்வுகள்' என்று தொடங்கினால் எங்கும் போய்ச்சேர முடியாது. கேள்வியில் ஓர் உயிரினக் குழு இருக்க வேண்டும், ஒரு பண்பு இருக்க வேண்டும், 'ஆம், இல்லை, இது, அது' என்று பதில் வரக்கூடிய வடிவம் இருக்க வேண்டும். நான் எடுத்துக்கொள்ளும் கேள்வி இது: பிஸ்டன் பெட்டுலேரியா அந்துப்பூச்சியின் கறுப்பு நிறத்தைத் தீர்மானிக்கும் மரபணு எது?

பாடப்புத்தகங்களில் எல்லோரும் பார்த்த பூச்சிதான். பிரிட்டனில் தொழிற்சாலைப் புகையால் மரப்பட்டைகள் கறுத்த காலத்தில் இதன் கறுப்பு வகை பெருகியது. காற்று தூய்மையானதும் மீண்டும் குறைந்தது. கறுப்பு வகை முதன்முதலில் 1848இல் மான்செஸ்டரில் பிடிபட்டதாகப் பதிவு இருக்கிறது. கதை பழையது என்பதால் இதில் ஆய்வு முடிந்துவிட்டது என்று நினைக்கிறோம். உண்மையில் கடந்த பத்தாண்டுகளில்தான் இதன் மரபியல் பக்கம் இருமுறை புரட்டிப்போடப்பட்டிருக்கிறது. தொகுப்பு எழுதக் கற்றுக்கொள்ள இதைவிடப் பொருத்தமான கேள்வி எனக்குத் தெரியவில்லை.

கேள்வியைக் குறுக்கும்போதே அதன் பக்கத்து வீட்டுக் கேள்விகளையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். 'கறுப்பு நிறத்துக்குக் காரணமான மரபணு எது' என்பது ஒன்று. 'கறுப்பு வகை பெருகியதற்கும் குறைந்ததற்கும் பறவைகள் தின்றதுதான் காரணமா' என்பது வேறொன்று. இரண்டாவது கேள்விக்கு 2012இல் பயாலஜி லெட்டர்ஸ் இதழில் வலுவான பதில் ஒன்று வந்தது. மைக்கேல் மஜெரஸ் 2001 முதல் 2007 வரை கேம்பிரிட்ஜில் 4,864 அந்துப்பூச்சிகளை மரங்களில் விட்டு, எந்த நிறத்தைப் பறவைகள் அதிகம் பிடிக்கின்றன என்று பார்த்தார். 2009இல் அவர் இறந்துவிட, அவருடைய தரவை வேறு ஆய்வாளர்கள் பகுத்து வெளியிட்டார்கள். மரபணுவைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. மரபணு பற்றிய கட்டுரையும் பறவைகளைப் பற்றி ஒன்றும் சொல்லாது. இவை இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கோத்து எழுதப்பட்ட தொகுப்புகளை நிறையப் பார்த்திருக்கிறேன். படிப்பவருக்கு ஒன்றின் சான்று மற்றதற்கும் சான்றுபோலத் தோன்றிவிடும்.

தேடல்

முதலில், ஒரு துறையில் அதுவரை வந்த ஆய்வுகளை ஒன்றாக அலசும் தொகுப்பாய்வுக் கட்டுரை ஒன்றைத் தேடுங்கள். ட்ரெண்ட்ஸ் இன் எக்காலஜி அண்ட் எவல்யூஷன், ஆனுவல் ரிவ்யூ ஆஃப் எக்காலஜி, எவல்யூஷன் அண்ட் சிஸ்டமேட்டிக்ஸ் ஆகிய இரண்டு இதழ்களும் இதற்கென்றே இருப்பவை. துறையினர் எந்தச் சொற்களைப் புழங்குகிறார்கள், எந்தக் கட்டுரையை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள், எங்கே சண்டை நடக்கிறது என்பது ஒரு நல்ல தொகுப்பாய்விலிருந்து தெரிந்துவிடும். ஆனால் அது எழுதப்பட்ட நாளோடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு வந்ததைத் தேடுவதுதான் உங்கள் சொந்த உழைப்பு.

பப்மெட், கூகுள் ஸ்காலர் ஆகிய ஆய்வுக்கட்டுரைத் தேடுதளங்கள் இரண்டிலும் தேடுங்கள். பப்மெட் மருத்துவத்தை மையமாகக் கொண்டது. சூழலியல் சார்ந்த கள ஆய்வுகள் சில அதில் அகப்படாது. கூகுள் ஸ்காலர் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வரும், குப்பையும் சேர்த்து. முன்பதிப்புகளுக்கு, அதாவது இதழின் மதிப்பாய்வுக்கு முன்பே ஆசிரியர்கள் இணையத்தில் வைக்கும் கட்டுரைகளுக்கு, பயோஆர்க்கைவ், ஈகோஎவோஆர்க்கைவ். நூலக வசதி இருந்தால் வெப் ஆஃப் சயின்ஸ்.

தேடுசொல்லில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். நம் எடுத்துக்காட்டில் 2016இல் பெயர் அடிபட்ட மரபணு 'கார்டெக்ஸ்'. அதை மட்டும் இட்டுத் தேடினால் மூளையின் புறணி பற்றிய ஆயிரக்கணக்கான கட்டுரைகள் வந்து விழும். 2024இல் பெயர் அடிபட்டது 'ஐவரி'. அதை 'எவல்யூஷன்' என்பதோடு சேர்த்துத் தேடினால் யானைத் தந்த வேட்டையும், மொசாம்பிக்கில் தந்தமில்லாத பெண் யானைகள் பெருகியதைப் பற்றிய 2021ஆம் ஆண்டு ஆய்வும் முன்னே வந்து நிற்கும். அது அருமையான ஆய்வு, ஆனால் நம் கேள்விக்கு உரியதில்லை. ஆகவே மரபணுப் பெயரோடு பட்டாம்பூச்சிகளும் அந்துப்பூச்சிகளும் அடங்கிய 'லெபிடாப்டிரா' என்ற வரிசைப் பெயரையோ பூச்சியின் அறிவியல் பெயரையோ சேர்க்க வேண்டும். 'ஃபிட்னஸ்', 'அடாப்டேஷன்', 'செலக்‌ஷன்' போன்ற சொற்களும் இப்படித்தான். உடற்பயிற்சி, கண்ணின் ஒளிப்பழக்கம், ஆள்தேர்வு என்று வேறு துறைகளும் அவற்றைப் புழங்குகின்றன. அறிவியல் பெயர் ஒன்றுதான் எந்தத் தேடலிலும் உங்களை வழி தவற விடாது. அதுவும் வகைப்பாட்டியலாளர்கள் பெயரை மாற்றியிருந்தால் பழைய பெயர், புதிய பெயர் இரண்டையும் இட வேண்டும்.

சொற்களால் தேடுவதைவிட நான் அதிகம் நம்புவது மேற்கோள் வழித் தேடலை. கேள்விக்கு அடிப்படையான கட்டுரை ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அதற்குப் பின் அதை மேற்கோள் காட்டியவற்றைப் பட்டியலிடச் சொல்லுங்கள். கூகுள் ஸ்காலரில் ஒவ்வொரு கட்டுரையின் கீழும் இந்த வசதி இருக்கிறது. அந்தப் பட்டியலுக்குள்ளேயே மீண்டும் சொல்லிட்டுத் தேடலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. 2016ஆம் ஆண்டுக் கட்டுரையை மேற்கோள் காட்டியவற்றுக்குள் 'ஐவரி' என்று இட்டால் யானைகள் காணாமல் போய்விடும். வேண்டியவை மட்டும் எஞ்சும்.

இப்படிப் போனால் நம் கேள்விக்கு ஒரு தடம் தெளிவாகிறது. 2016இல் நேச்சர் இதழில் அடுத்தடுத்து இரண்டு கட்டுரைகள். ஒன்று, பிரிட்டனின் கறுப்பு அந்துப்பூச்சிகளில் கார்டெக்ஸ் மரபணுவின் முதல் இன்ட்ரானில் (மரபணுவுக்குள் இருந்தாலும் புரதத்துக்கான குறியீடாகாத பகுதி) ஏறத்தாழ 22,000 டிஎன்ஏ எழுத்து நீளமுள்ள ஒரு தாவும் மரபுக்கூறு (டிஎன்ஏவில் இடம் மாறிச் செருகிக்கொள்ளும் துண்டு) செருகிக்கொண்டிருப்பதைக் கண்டது. மற்றொன்று, ஹெலிகோனியஸ் பட்டாம்பூச்சிகளின் இறக்கை வடிவங்களும் அதே கார்டெக்ஸ் பகுதியோடு பிணைந்திருப்பதைச் சொன்னது. 2021இல் ஈலைஃப் இதழில் மரபணுவை வெட்டி மாற்றும் கிறிஸ்பர் சோதனைகளோடு கார்டெக்ஸுக்கு ஆதரவாக ஒரு கட்டுரை. பிறகு 2024இல் திருப்பம். பிஎன்ஏஎஸ் இதழில் வந்த இரு கட்டுரைகள், அதே பகுதியில் இருக்கும் ஐவரி என்ற நீளமான, புரதமாக மாறாத ஆர்என்ஏவைக் காட்டின. அதே ஆண்டு டிசம்பரில் சயின்ஸ் இதழில் வந்த கட்டுரை, கார்டெக்ஸ் உட்பட அந்தப் பகுதியின் நான்கு புரத மரபணுக்களும் முதன்மைக் காரணி இல்லை என்றும், ஐவரியிலிருந்து வெட்டி எடுக்கப்படும் மிர்-193 என்ற மைக்ரோ ஆர்என்ஏதான் (மற்ற மரபணுக்களின் வேலையை அடக்கும் மிகச் சிறிய ஆர்என்ஏ) நிறத்தை ஆட்டுவிக்கிறது என்றும் சொன்னது.

2016ஆம் ஆண்டுக் கட்டுரையை மட்டும் படித்து 'கறுப்பு நிறத்துக்குக் காரணம் கார்டெக்ஸ்' என்று இன்று எழுதுபவர் ஒரு புகழ்பெற்ற இதழை மேற்கோள் காட்டித்தான் எழுதுகிறார். ஆனாலும் அது இன்றைய நிலை இல்லை. இதனால்தான் முன்னோக்கித் தேடாமல் ஒரு வரிகூட எழுதக் கூடாது என்கிறேன்.

முன்பதிப்புகள் பற்றி ஒரு சொல். பயோஆர்க்கைவ் 2013இல் தொடங்கியது. இன்று பரிணாம உயிரியலின் பெரும்பகுதி முதலில் அங்கேதான் தலைகாட்டுகிறது. தாராளமாகப் படியுங்கள், மேற்கோளும் காட்டுங்கள். ஆனால் அது முன்பதிப்பு என்பதையும் எத்தனையாவது பதிப்பு என்பதையும் எழுதுங்கள். இதழில் வெளியாகிவிட்டதா என்று பக்கத்தின் மேலேயே இணைப்பு இருக்கும். வெளியாகியிருந்தால் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மதிப்பாய்வுக்குப் பின் தலைப்பு அடக்கமாகியிருந்தால், எங்கே கேள்வி எழுந்தது என்று புரியும். ஈலைஃப் இதழ் மதிப்பாய்வாளர்களின் கருத்துகளைக் கட்டுரையோடு சேர்த்தே வெளியிடுகிறது. 2023 முதல், சான்று எவ்வளவு உறுதியானது என்பதையும் வரையறுத்த சொற்களால் சுருக்கமாகச் சொல்கிறது. துறை வல்லுநர் ஒருவர் ஒரு கட்டுரையில் எங்கே விரல் வைப்பார் என்று கற்றுக்கொள்ள அந்த மதிப்பாய்வுகளைப்போல வேறு பாடம் இல்லை. இலவசம் வேறு.

கட்டணச் சுவருக்குப் பின்னால் இருக்கும் கட்டுரைகளுக்கு அன்பேவால் என்ற உலாவி நீட்சி, ஆசிரியர்கள் சட்டப்படி பொதுவில் வைத்த பிரதி இருந்தால் காட்டிவிடும். பப்மெட் சென்ட்ரலிலும் பாருங்கள். இரண்டும் கைவிட்டால் கட்டுரையாசிரியருக்கு இரண்டு வரி மின்னஞ்சல் எழுதுங்கள். கேட்டால் அனுப்பிவிடுகிறார்கள், தங்கள் கட்டுரையை யாரோ ஒருவர் படிக்க விரும்புகிறார் என்பதே அவர்களுக்கு மகிழ்ச்சி.

படிக்கும் வரிசை

முகப்புச் சுருக்கத்தை நான் கடைசியில் படிக்கிறேன். அது ஆசிரியர்கள் தங்கள் வேலையைப் பற்றிச் சொல்ல விரும்புவது. முதலில் படித்துவிட்டால் பிறகு படங்களையும் அட்டவணைகளையும் அவர்கள் கண்ணாலேயே பார்க்க நேரிடும். முன்னுரையின் கடைசிப் பத்தியில் தொடங்குகிறேன், அங்கே கேள்வி இருக்கும். அடுத்து படங்களும் அவற்றின் விளக்கங்களும். பிறகு செய்முறை. அதற்குப் பின் முடிவுகள். 'விவாதம்' பகுதிக்குப் போவதற்கு முன், இந்த முடிவுகளிலிருந்து என்ன சொல்லலாம் என்று நானே ஒரு வரி எழுதிவிடுகிறேன். ஆசிரியர்கள் அதைவிடப் பெரிதாகச் சொல்லியிருந்தால் அந்த இடைவெளி குறிப்பேட்டில் ஏறும்.

குறிப்பில் எப்போதும் இருக்க வேண்டியவை: எந்த உயிரினம், எந்த இடத்திலிருந்து எடுக்கப்பட்டது, எத்தனை, ஆய்வகமா களமா, எண் என்ன, அந்த எண்ணின் ஐயவரம்பு (உண்மை எண் எதற்கும் எதற்கும் இடையில் இருக்கலாம் என்ற எல்லை) என்ன. கடைசி இரண்டையும் விட்டுவிட்டு 'கணிசமாக அதிகரித்தது' என்று குறிப்பெடுப்பவர், எழுத உட்காரும்போது மறுபடியும் கட்டுரையைத் திறந்துதான் ஆக வேண்டும். நம் எடுத்துக்காட்டில் தாவும் மரபுக்கூறு செருகியது ஏறத்தாழ 1819 என்று 2016ஆம் ஆண்டுக் கட்டுரை கணித்தது. இது மரபணு வரிசைகளிலிருந்து புள்ளியியல் வழியாக வந்த கணிப்பு. அதைச் சுற்றிப் பல ஆண்டுகள் அகலமுள்ள வரம்பு இருக்கிறது. 1848 என்பது ஒருவர் கையில் பிடித்த பூச்சி. இரண்டும் ஆண்டு எண்கள்தான் என்றாலும் ஒரே வகைத் தகவல் இல்லை. தொகுப்பில் '1819இல் திடீர்மாற்றம் நிகழ்ந்தது, 1848இல் கண்டறியப்பட்டது' என்று ஒரே தொனியில் எழுதினால் கணிப்பு வரலாறாக மாறிவிடும்.

பரிணாம ஆய்வுகளிடம் கேட்க வேண்டியவை

எந்த அறிவியல் கட்டுரையிடமும் கேட்கும் கேள்விகள் போக, இந்தத் துறைக்கென்றே சில உண்டு. இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். தொகுப்பின் தரம் இங்கேதான் முடிவாகிறது.

மாற்றம் மரபு வழியானதா? ஒரே மரபணுக்கள் உள்ள உயிர்கள்கூட வெப்பம், உணவு, நெரிசல் மாறும்போது வேறு உருவம் எடுக்கும். இரண்டு இடங்களில் வாழும் மீன்கள் வேறுபடுகின்றன என்பதாலேயே அவை பரிணமித்துவிட்டன என்று ஆகாது. இரு இடத்து உயிர்களையும் ஒரே சூழலில் வளர்த்துப் பார்த்தார்களா என்று செய்முறைப் பகுதியில் தேடுங்கள். இல்லையென்றால் தொகுப்பில் 'வேறுபடுகின்றன' என்று எழுதலாம், 'பரிணமித்தன' என்று எழுத முடியாது.

மாற்றத்துக்குத் தேர்வுதான் காரணமா? மரபணுக்களின் விகிதம் தற்செயலாகவும் நகரும். கூட்டம் ஒருகாலத்தில் சிறுத்துப் பிறகு பெருகியிருந்தால், மரபணுத்தொகுதியில் அது விட்டுச்செல்லும் தடம் தேர்வின் தடம்போலவே இருக்கும். ஆசிரியர்கள் மக்கள்தொகை வரலாற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் தடம் எஞ்சுகிறதா என்று பாருங்கள். இதில் ஒரு பாடம் மனித உயரம் பற்றியது. வட ஐரோப்பியர்கள் தென் ஐரோப்பியர்களைவிட உயரமாக இருப்பதில் இயற்கைத் தேர்வின் கை இருக்கிறது என்று பல ஆய்வுகள் சொல்லி வந்தன. 2019இல் ஈலைஃப் இதழில் இரு குழுக்கள் பிரிட்டன் மக்களின் மரபணுத் தரவைத் திரட்டி வைத்திருக்கும் யுகே பயோபேங்கின் தரவைக் கொண்டு மறுபடியும் கணக்கிட்டபோது அந்தத் தடம் பெரும்பாலும் மங்கிவிட்டது. பழைய தரவில் பல நாட்டவரைக் கலந்தபோது, மக்கள் கூட்டங்களின் அமைப்பு முழுமையாகச் சரிக்கட்டப்படாமல் எஞ்சியிருந்ததுதான் காரணம். ஒவ்வொரு மரபணுவிலும் மிகச் சிறிய பிசகு. நூற்றுக்கணக்கில் கூட்டும்போது அது பெரிய முடிவாகத் தோன்றியது. மனிதக் குழுக்களை ஒப்பிடும் எந்தக் கட்டுரையைச் சுருக்கும்போதும் இதை மனதில் வைத்திருங்கள். அந்தக் கட்டுரைகள் ஆய்வகத்தோடு நிற்பதில்லை; மனிதரை மனிதர் தரம் பிரிக்கத் துடிப்பவர்கள் கையில் போய்ச் சேர்கின்றன.

சான்று எந்த வகையைச் சேர்ந்தது? மரபணுவுக்கும் பண்புக்கும் தொடர்பு இருக்கிறது என்று காட்டுவது ஒரு படி. மரபணுவை முடக்கினால் பண்பு மாறுகிறது என்று காட்டுவது அடுத்த படி. அந்த மாற்றம் இயற்கையில் பிழைப்பையோ இனப்பெருக்கத்தையோ பாதிக்கிறது என்று காட்டுவது இன்னொரு படி. கார்டெக்ஸ் கதையில் இடறிய இடமும் இதுதான். 2016இல் உறுதியாகத் தெரிந்தது இடம். அந்த இடத்தில் இருக்கும் எது வேலை செய்கிறது என்பது தெரியவில்லை. அங்கே ஏற்கெனவே பெயரிடப்பட்ட புரத மரபணு ஒன்று இருந்ததால் பெயர் அதன்மேல் விழுந்தது.

எத்தனையில் எத்தனை? உயிரியலாளர் ரிச்சர்ட் லென்ஸ்கி 1988இல் தொடங்கிய சோதனையில் ஈ. கோலை பாக்டீரியாவின் 12 கூட்டங்கள் தனித்தனியாக வளர்ந்து வருகின்றன. ஆக்சிஜன் இருக்கும்போது சிட்ரேட்டை உண்ண முடியாத அந்த பாக்டீரியாவில், ஏறத்தாழ 31,500 தலைமுறைகளுக்குப் பிறகு ஒரு கூட்டத்துக்கு மட்டும் அந்தத் திறன் வந்தது, 2008இல் வெளியிட்டார்கள். 'பாக்டீரியா சிட்ரேட்டை உண்ணப் பரிணமித்தது' என்று எழுதினால் பாதிச் செய்தி போய்விடுகிறது. மற்றப் பதினொன்றுக்கும் அது வரவில்லை என்பதுதான் அந்த ஆய்வை இவ்வளவு சிந்திக்க வைப்பதாக ஆக்குகிறது. பரிணாமத்தில் தற்செயலுக்கு எவ்வளவு இடம் என்ற பெரிய கேள்வியே அந்த எண்ணிக்கைக்குள் இருக்கிறது.

வெளியாகாதது எவ்வளவு? ஆண் சிட்டுக்குருவியின் தொண்டையில் உள்ள கறுப்புத் திட்டு பெரிதாக இருந்தால் அது கூட்டத்தில் ஆதிக்கம் செலுத்தும் என்பது பாடநூல்களில் இடம்பெற்ற உதாரணம். 2018இல் ஈலைஃப் இதழில் வந்த மெட்டா அனாலிசிஸ் (பல ஆய்வுகளின் எண்களை ஒன்றுசேர்த்துக் கணக்கிடும் ஆய்வு), வெளியாகாத தரவுகளையும் திரட்டிச் சேர்த்துப் பார்த்தது. வெளியான ஆய்வுகளில் காணும் விளைவு, வெளியாகாத தரவில் இருப்பதைவிடப் பெரிதாக இருந்தது. ஆண்டுகள் செல்லச் செல்லச் சுருங்கியும் வந்தது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது, அப்படி ஒரு தொடர்பு உண்டு என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஒரு கேள்விக்கு மெட்டா அனாலிசிஸ் இருந்தால் தனிக் கட்டுரைகளுக்கு முன் அதைப் படியுங்கள். அதிலும் வெளியீட்டுச் சாய்வை, அதாவது விளைவு காட்டிய ஆய்வுகளே அதிகம் வெளியாகும் போக்கைச் சோதித்தார்களா என்று முதலில் தேடுங்கள்.

மோதும் முடிவுகள்

விலங்குகளின் பரிணாம மரத்தில் முதலில் பிரிந்த கிளை எது, கடற்பஞ்சுகளா, சீப்பு ஜெல்லிகள் எனப்படும் ஒளி ஊடுருவும் கடல் விலங்குகளா? 2008இல் நேச்சர் கட்டுரை ஒன்று சீப்பு ஜெல்லிகள் என்றது. 2013இல் சீப்பு ஜெல்லியின் மரபணுத்தொகுதியை வரிசைப்படுத்தி சயின்ஸ் இதழில் எழுதியவர்களும் அப்படியே சொன்னார்கள். 2015இலும் 2017இலும் வந்த கட்டுரைகள் கடற்பஞ்சு என்றன. 2023இல் குரோமோசோம்களில் மரபணுக்கள் அமர்ந்திருக்கும் ஒழுங்கை வைத்து நேச்சர் இதழில் மறுபடியும் சீப்பு ஜெல்லி. விவாதம் இன்னும் ஓயவில்லை.

இதைத் தொகுக்கும்போது 'அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு நிலவுகிறது' என்று எழுதி நகர்ந்துவிடாதீர்கள். அந்த வாக்கியம் எதையும் சொல்லவில்லை. எந்தப் பக்கத்தில் எத்தனை கட்டுரை என்று எண்ணுவதும் பயன் தராது. வேறுபாடு எங்கிருந்து முளைக்கிறது என்று தேடுங்கள். இங்கே அது பெரும்பாலும் கணிப்பு மாதிரியிலிருந்து முளைத்தது. சீப்பு ஜெல்லிகளின் மரபணு வரிசைகள் மிக வேகமாக மாறியவை. வேகமாக மாறிய கிளைகள், உறவில்லாவிட்டாலும் கணக்கில் ஒன்றையொன்று இழுத்து, மரத்தின் அடிப்பக்கம் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையவை. இதைச் சரிக்கட்ட, புரதத்தின் ஒவ்வோர் இடமும் வேறு வேறு விதமாக மாறலாம் என்று அனுமதிக்கும் மாதிரிகளைப் புழங்கியவர்களுக்குக் கடற்பஞ்சு கிடைத்தது. எளிய மாதிரிகளைப் புழங்கியவர்களுக்குச் சீப்பு ஜெல்லி. 2023ஆம் ஆண்டுக் கட்டுரை முக்கியமாவது, அது வரிசைகளை விட்டுவிட்டு வேறு வகைச் சான்றையே கொண்டுவந்ததால். இவ்வளவையும் நான்கு வாக்கியங்களில் சொல்லிவிடலாம். படிப்பவர் அடுத்து வரும் கட்டுரையைத் தாமாகவே எடைபோடும் நிலைக்கு வந்துவிடுவார்.

எழுதுதல்

இப்போது நம் எடுத்துக்காட்டுக்குத் திரும்பி, தொகுப்பின் ஒரு பத்தி எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன்:

'பிரிட்டனின் கறுப்பு பிஸ்டன் பெட்டுலேரியா அந்துப்பூச்சிகளில், கார்டெக்ஸ் மரபணுவின் முதல் இன்ட்ரானில் ஏறத்தாழ 22,000 எழுத்து நீளத் தாவும் மரபுக்கூறு செருகியிருக்கிறது. வெளிர் வகையில் அது இல்லை (2016). இந்தக் கண்டறிதல் நிலைத்து நிற்கிறது. ஆனால் செருகல் எதன் வழியாக நிறத்தை மாற்றுகிறது என்பதில் கருத்து மாறியிருக்கிறது. கார்டெக்ஸ் புரதமே காரணம் என்ற விளக்கத்துக்கு 2021 வரை ஆதரவு இருந்தது. 2024இல் பட்டாம்பூச்சிகளில் நடந்த மரபணு முடக்கச் சோதனைகள், அதே பகுதியில் உருவாகும் ஐவரி ஆர்என்ஏவையும் அதிலிருந்து வரும் மிர்-193ஐயும் காட்டுகின்றன. சோதனைகள் தொலைவாகப் பிரிந்த மூன்று பட்டாம்பூச்சிக் கிளைகளில் நடந்தவை. அந்துப்பூச்சிக்கும் இது பொருந்தும் என்பது பொதுவான மரபிடத்தின் அடிப்படையில் எழும் ஊகம்.'

இந்தப் பத்தியில் எது நிலைத்தது, எது மாறியது, எது ஊகம் என்று மூன்றும் பிரிந்து நிற்கின்றன. உயிரினத்தின் பெயர் ஒவ்வொரு முடிவோடும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பட்டாம்பூச்சியில் கண்டதை 'பூச்சிகளில்' என்றும், எலியில் கண்டதை 'பாலூட்டிகளில்' என்றும் நீட்டி எழுதுவதுதான் தொகுப்புகளில் நான் மிகுதியாகத் திருத்தும் பிழை. பெயரைச் சொன்னால் வாக்கியம் கொஞ்சம் நீளும், நீளட்டும்.

நோக்கம் கற்பிக்கும் வாக்கியங்களையும் களையுங்கள். 'பறவைகளிடமிருந்து தப்பிக்க அந்துப்பூச்சி தன் நிறத்தைக் கறுப்பாக்கிக்கொண்டது' என்று எழுதினால், படிக்கும் மாணவர் ஒரு பூச்சி தன் வாழ்நாளில் நிறம் மாறுவதாகத்தான் நினைப்பார். 'கறுப்புப் பூச்சிகள் அதிகம் பிழைத்து அதிகம் முட்டையிட்டன. தலைமுறைதோறும் அவற்றின் பங்கு கூடியது' என்று எழுத இரண்டு வரி ஆகும். மாறுவது கூட்டத்தின் விகிதம். இதில் சலுகை தராதீர்கள். பரிணாமத்தைப் பற்றிய தவறான புரிதல்களில் பாதி இந்த ஒரு வாக்கிய அமைப்பிலிருந்துதான் பரவுகிறது. செய்திக்குறிப்புகளில் வரும் 'விடுபட்ட கண்ணி', 'பாடநூல்களை மாற்றி எழுதும்' ஆகியவற்றையும் அப்படியே விட்டுவிடலாம்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைக் கொண்டு சுருக்குவது பற்றிக் கேட்கிறார்கள். தேடுசொற்களை யோசிக்கவும் கடினமான செய்முறைப் பகுதியை முதல்முறை புரிந்துகொள்ளவும் அவை உதவுகின்றன. ஆனால் இல்லாத கட்டுரைகளை இருப்பவைபோல் மேற்கோள் காட்டும் பழக்கம் அவற்றுக்கு உண்டு. ஒவ்வொரு டிஓஐ எண்ணையும் (கட்டுரைக்கு உரிய நிரந்தர இணைய அடையாளம்) திறந்து, கட்டுரை இருக்கிறதா, சொன்னதைச் சொல்கிறதா என்று நீங்களே பார்க்காமல் ஒன்றையும் சேர்க்காதீர்கள்.

வெளியிடுவதற்கு முன்

பட்டியலில் உள்ள ஒவ்வொரு கட்டுரையும் திரும்பப் பெறப்பட்டதா என்று பாருங்கள். மேற்கோள்களைச் சேமிக்கும் ஸோட்டெரோ என்ற மென்பொருளில் கட்டுரைகளைச் சேமித்து வைத்தால், திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைப் பட்டியலிடும் ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டு அதுவே எச்சரிக்கும். அந்தத் தரவுத்தளத்தை 2023இல், டிஓஐ எண்களைப் பதிவு செய்யும் கிராஸ்ரெஃப் அமைப்பு வாங்கி எல்லோருக்கும் திறந்துவிட்டது. வெளியான கட்டுரைகளை வாசகர்கள் விமர்சிக்கும் பப்பியர் தளத்தில் அவர்களின் ஐயங்களையும் ஒருமுறை தேடுங்கள். 2020 ஜனவரியில் தி அமெரிக்கன் நேச்சுரலிஸ்ட் இதழ், கூட்டமாக வாழும் சிலந்திகளின் நடத்தை பற்றிய கட்டுரை ஒன்றைத் திரும்பப் பெற்றது. அதன் தரவில் ஒரே எண்கள் விளக்கமின்றி மீண்டும் மீண்டும் வந்திருந்தன. இது வெளிச்சத்துக்கு வந்ததற்கு, மூலத்தரவு பொதுவில் இருந்தது ஒரு முக்கியக் காரணம். பரிணாம உயிரியலின் முன்னணி இதழ்கள் பல ஒன்றுகூடி 2011 முதலே தரவை ட்ரையாட் போன்ற பொதுக் களஞ்சியத்தில் வைக்கச் சொல்லி வருகின்றன. அந்த வாய்ப்பைப் பயன்படுத்துங்கள். தொகுப்பின் முதுகெலும்பாக இருக்கும் கட்டுரையின் தரவுக்கோப்பையாவது இறக்கித் திறந்து, சொன்ன மாதிரி எண்ணிக்கை அதில் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். இதற்குப் புள்ளியியல் புலமை வேண்டாம்.

கடைசியாக, தொகுப்பின் தலைப்புக்குக் கீழேயே தேடிய தேதியையும், எந்தத் தளங்களில் எந்தச் சொற்களை இட்டுத் தேடினீர்கள் என்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள். அடிப்படைக் கட்டுரையை யாராவது புதிதாக மேற்கோள் காட்டினால் மின்னஞ்சல் வரும்படி கூகுள் ஸ்காலரில் அறிவிப்பு வைத்துவிடுங்கள். மின்னஞ்சல் வந்து, புதிய கட்டுரை உங்கள் பத்தியின் ஏதாவது ஒரு வாக்கியத்தை அசைத்தால், அந்த வாக்கியத்தைத் திருத்தி, திருத்திய தேதியைப் பக்கத்தில் போட்டு, தொகுப்பை முன்பு பெற்றவர்களுக்கும் அனுப்பிவையுங்கள்.